சுகர் இருந்தால் பட்டாளத்தில் சேர முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 19. வேலூர் பக்கம் ஒரு கிராமம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். எங்கள் வீட்டில் தாத்தா, பெரியப்பா, மாமா என்று எல்லாரும் பட்டாளம்தான். 15 வயதில் எனக்கு டைப் 1 சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். தினமும் நான்கு வேளை இன்சுலின் போடுகிறேன். 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடுகிறேன், பத்து புல்-அப் எடுக்கிறேன். அக்னிவீர் தேர்வு எழுத ஆசை. என் மாமாவுக்கும் சுகர் உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறார். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? சொல்லாமல் போனால் மெடிக்கலில் கண்டுபிடித்துவிடுவார்களா? அன்று காலை இன்சுலினைச் சரியாகப் போட்டுக்கொண்டு போனால் சுகர் நார்மலாகத்தான் காட்டும் என்கிறார்கள் நண்பர்கள். (பெயர் வெளியிட வேண்டாம், வேலூர் மாவட்டம்)

பதில்:

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் தம்பி, முடியாது. நம் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றிலும் ஆளெடுக்கும்போது நீரிழிவு இருந்தால் தகுதியில்லை என்பதுதான் விதி. உடம்பு இன்சுலினே சுரக்காத டைப் 1, சுரந்தும் சரியாக வேலை செய்யாத டைப் 2 என்ற பேதம் அதில் கிடையாது. மாத்திரையா ஊசியா என்றும் கேட்கமாட்டார்கள். அக்னிவீராகப் போகிறவருக்கும் அதேதான், அதிகாரியாகப் போகிறவருக்கும் அதேதான். மத்திய ரிசர்வ் போலீஸ், எல்லைப் பாதுகாப்புப் படை போன்ற துணை ராணுவங்களுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் அங்கும் இதே கதவுதான்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்த கையோடு ராணுவ மருத்துவப் படையில் குறுகிய காலப் பணியில் ஐந்து வருடம் இருந்தவன். ஆளெடுப்பு முகாம்களில் ஜட்டியோடு வரிசையில் நிற்கும் பையன்களை நூற்றுக்கணக்கில் பரிசோதித்திருக்கிறேன். சர்க்கரை நோய் மருத்துவத்துக்கு வந்தது அப்புறம்தான். அதனால் மேஜையின் அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரியும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் 'முடியாது' என்று இரண்டு வரியில் எழுதி அனுப்பியிருக்கலாம். நண்பர்கள் சொன்ன யோசனையைப் பார்த்த பிறகு அப்படி விட மனம் வரவில்லை. எனவே கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

நண்பர்கள் சொல்கிறபடி, அன்று காலை சுகரை நார்மலுக்குக் கொண்டுவர இரண்டு யூனிட் கூடுதலாகப் போட்டுக்கொண்டு போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். விடிவதற்கு முன்பே கேட் வாசலில் வரிசை நிற்கும். சாப்பாடு எப்போது என்று யாருக்கும் தெரியாது. பெயர் கூப்பிட்டதும் ஓட்டம், அது முடிந்ததும் புல்-அப், ஒன்பதடிப் பள்ளம் தாண்டுவது, ஜிக்ஜாக் கட்டை மேல் நடப்பது. மூச்சைப் பிடித்து ஓடும் அந்த ஐந்து நிமிடத்தில் அட்ரினலின் சுரந்து சுகர் கொஞ்சம் ஏறக்கூட ஏறும். ஆபத்து ஓடி முடித்த பிறகுதான். களைத்த தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் போட்ட கூடுதல் இன்சுலினும் அதே நேரம் வேலை செய்யும். சுகர் 70-க்குக் கீழே போனால் கை நடுங்கும், குப்பென்று வேர்க்கும். 54-க்குக் கீழே போனால் புத்தி தடுமாறும், பேச்சு குழறும். இன்னும் இறங்கினால் மயக்கம், வலிப்பு. நூற்றுக்கணக்கான பையன்கள் ஓடிக் களைத்து உட்கார்ந்திருக்கும் மைதானத்தில், நீங்களும் களைத்துப் படுத்திருப்பதாகத்தான் எல்லாரும் நினைப்பார்கள். குளுக்கோஸ் கொடுக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றாது. நீங்கள்தான் யாரிடமும் சொல்லவில்லையே.

சரி, அதையும் தாண்டி மெடிக்கலுக்குப் போய்விட்டீர்கள். மருத்துவர் உங்களை உச்சி முதல் பாதம் வரை பார்ப்பார். நான்கு வருடம், தினம் நான்கு ஊசி என்றால் கிட்டத்தட்ட ஆறாயிரம் குத்து. வயிற்றிலும் தொடையிலும் ஒரே இடத்தில் போட்டுப் போட்டுத் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு மெத்தென்று கட்டி விழுந்திருக்கும். விரல் வைத்தாலே தெரியும். சிறுநீரில் சர்க்கரை பார்ப்பார்கள். ரத்தத்தில் சுகர் 180-ஐத் தாண்டும்போதெல்லாம் அது சிறுநீரில் இறங்கும். பரபரப்பில் தூங்காத இரவுக்குப் பின் உங்கள் சுகர் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியாது. சந்தேகம் வந்தால் எச்பிஏ1சி பார்ப்பார்கள். அது கடந்த மூன்று மாத சுகரின் சராசரிக் கணக்கு. காலையில் போட்ட இரண்டு யூனிட்டை வைத்து மூன்று மாதக் கணக்கை மாற்ற முடியாது.

இத்தனையையும் ஏமாற்றி ஒருவன் உள்ளே போவதே இல்லையா என்றால், போவதுண்டு. ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். பயிற்சி மையம் ஒன்றில் நான் இருந்தபோது, ஒரு மே மாத இரவில் விடாத வாந்தியோடு ஒரு பையனைத் தூக்கி வந்தார்கள். பயிற்சிக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மெஸ் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். நானும் முதல் அரை மணி நேரம் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துத்தான் மருந்து கொடுத்தேன். பிறகு அவன் மூச்சு விடும் விதம் உறுத்தியது. ஆழமாக, வேகமாக, அழுகிய பழ வாசனையோடு. விரலில் குத்திப் பார்த்தால் மீட்டர் எண்ணே காட்டவில்லை, 'ஹை' என்று மட்டும் காட்டியது. ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ். அவன் இன்சுலினை நிறுத்தவில்லை. திருட்டுத்தனமாகப் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான். தகரப் பெட்டிக்குள், பூட்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்த பாட்டில்கள் அந்த மே மாத வெயிலில் வெந்து சக்தி இழந்துவிட்டன. நிறம் மாறாததால் அவனுக்குத் தெரியவில்லை. பிழைத்துக்கொண்டான். ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் அப்பா வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

சட்டமும் இருக்கிறது. சேரும்போது படிவத்தில் கேட்கும் கேள்விக்குத் தெரிந்தே பொய்ப் பதில் சொல்வது 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 44-ஆம் பிரிவின்படி குற்றம். ஐந்து வருடம் வரை சிறை. எல்லாருக்கும் அப்படித் தண்டனை கொடுப்பார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் பொய் சொல்லி வெளியே வந்தவன் என்ற பதிவு, பின்னால் எந்த அரசு வேலைக்குப் போனாலும் கூடவே வரும்.

இப்போது மாமா விஷயம். உங்கள் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. அவர் ஆரோக்கியமாக உள்ளே போனவர். நாற்பது வயதை ஒட்டி டைப் 2 வந்திருக்கும். நம் ஊரில் அந்த வயதில் யாருக்குத்தான் வரவில்லை. ராணுவம் ஒவ்வொரு வீரரின் உடல்நிலையையும் 'ஷேப்' என்ற முறையில் தரம் பிரித்து வைத்திருக்கும். மனநிலை, காது, கை கால், உடல் திறன், கண் என்று ஐந்து அம்சம்; ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை தரம். எல்லாவற்றிலும் ஒன்று என்றால் 'ஷேப்-1', எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாம். சுகர் என்று தெரிந்ததும் உடல் திறனில் தரம் இறங்கும். பட்டாளத்துப் பேச்சில் அதை 'கேட்டகிரி ஆகிவிட்டார்' என்பார்கள். மாமாவைக் கேட்டுப் பாருங்கள், அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று. உயரமான மலைப் பகுதிக்கு அனுப்பமாட்டார்கள், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மெடிக்கல் போர்டு, பதவி உயர்விலும் இடிக்கும். அவரிடம் இருபது வருட அனுபவம் இருக்கிறது; அந்த அனுபவத்துக்கு ஸ்டோரிலும் பயிற்சி மையத்திலும் வேலை இருக்கிறது. அதனால் வைத்துக்கொள்கிறார்கள். பத்தொன்பது வயதில் புதிதாகச் சேரும் ஒரு சிப்பாயிடம் ராணுவம் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று, எங்கே அனுப்பினாலும் போகவேண்டும். அதிலும் அக்னிவீருக்கு மொத்தமே நான்கு வருடம்.

இன்னொரு கணக்கும் இதற்குள் இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரு வீரர் சேரும்போது அவர் ஆவணத்தில் எந்த நோயும் குறிக்கப்படாமல் இருந்து, பின்னால் நோயால் வெளியேற்றப்பட்டால், அது பணியால் வந்தது என்றே கருதவேண்டும் என்று 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊனமுற்றோர் ஓய்வூதியம் அதை வைத்துத்தான். 2023-இல் அரசு விதிகளை இறுக்கியது, ஆனாலும் சுகர் வந்த வீரர்களின் வழக்குகள் நீதிமன்றங்களில் ஓய்ந்தபாடில்லை. உள்ளே விட்டவருக்கெல்லாம் பிற்காலத்தில் பதில் சொல்லவேண்டியிருப்பதால், வாசலில் சல்லடையை நெருக்கமாகப் பிடிக்கிறார்கள்.

சரி, 'நான்தான் நன்றாக ஓடுகிறேனே, கட்டுப்பாட்டில்தானே வைத்திருக்கிறேன்' என்பீர்கள். உண்மைதான். உங்கள் உடம்பைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சேப்பாக்கத்தில் 1999 ஜனவரியில் நடந்த டெஸ்ட் உங்கள் மாமாவுக்கு நிச்சயம் நினைவிருக்கும். முதுகு வலியோடு சச்சின் 136 அடித்து, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த நேரத்தில் அவுட்டானார். 12 ரன்னில் தோற்றோம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கேட்சைப் பிடித்தது பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரம். அவருக்கு அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1997-இல் டைப் 1 கண்டுபிடித்திருந்தார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டே அதன் பிறகும் 2003 உலகக் கோப்பை வரை பந்து வீசினார். இன்சுலின் போடுகிறவரின் உடம்பு என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அவரைவிட சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அவருக்கு மணிக்கொரு டிரிங்க்ஸ், நடுவில் லஞ்ச், டீ, டிரெஸ்ஸிங் ரூமில் குளிர்பெட்டி, கூடவே மருத்துவர். தலை சுற்றினால் கை காட்டிவிட்டு எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே வந்துவிடலாம்.

சியாச்சினில் எந்தக் கோட்டைத் தாண்டி வெளியே வருவது? உங்கள் மாவட்டத்துக்கு அந்த இடம் அந்நியமில்லை. 2016 பிப்ரவரியில் அங்கே சோனம் முகாமில் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-ஆம் பட்டாலியன். நால்வர் தமிழ்நாடு, அவர்களில் ஒருவர் வேலூர் பக்கத்துக்காரர். அந்த முகாம் இருந்த உயரம் 19,600 அடி. குளிர் மைனஸ் 50 வரை போகும் இடம். இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். திறந்த பாட்டில் என்றால் 30 டிகிரிக்குக் கீழே நான்கு வாரம் தாங்கும். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பின்னும் அது குப்பைதான். அந்தக் குளிரிலும் உயரத்திலும் மீட்டர் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஹெலிகாப்டர் வரவேண்டுமென்றால் வானம் திறக்கவேண்டும், சில சமயம் நாள்கணக்கில் திறக்காது. டைப் 1-இல் இன்சுலின் முழுதாக நின்றுபோனால் ஒன்றிரண்டு நாளுக்குள் அந்த மே மாதப் பையன் வந்த நிலைமைக்கு நீங்கள் வந்துவிடுவீர்கள். அப்போது உங்களைச் சுமந்து இறங்க நான்கு பேர் வேண்டும். அந்த முகாமில் இருப்பதே பத்துப் பேர். ராஜஸ்தான் பாலைவனத்தை எடுத்துக்கொண்டால் கதை அப்படியே தலைகீழ், அங்கே கொதிக்கும்.

'எழுத்தர் வேலைக்காவது எடுக்கலாமே' என்று அடுத்த கேள்வி வரும். இதில் எனக்கே ராணுவத்தோடு முழு உடன்பாடு இல்லை. எழுத்தரும் துப்பாக்கி பிடிக்கிறார், எழுத்தரும் யூனிட்டோடு மலையேறுகிறார் என்பது அவர்கள் வாதம், நியாயமானதுதான். ஆனால் கையில் ஒட்டிய சென்சார் ஐந்து நிமிடத்துக்கொருமுறை சுகரைப் போனில் காட்டும் காலம் இது. பிரிட்டனில் 2012 முதல் இன்சுலின் போடும் விமானிகளையே நிபந்தனைகளோடு பயணிகள் விமானம் ஓட்ட விடுகிறார்கள். இஸ்ரேலில் டைப் 1 உள்ளவர்களுக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு. விரும்பினால் தன்னார்வலராகப் போர்முனை அல்லாத வேலைகளில் சேரலாம். சைபர், கணினி, ஆயுதப் பராமரிப்பு போன்ற பிரிவுகளிலாவது நம் விதி ஒருநாள் தளரவேண்டும் என்பது என் தனிப்பட்ட கருத்து. உங்கள் வயது வரம்பு முடிவதற்குள் தளரும் என்று நம்பிக்கை கொடுத்தால் அது பொய். கோர்ட்டுக்குப் போகலாமா என்றால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் நீரிழிவு இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு போகவும் வழியில்லை.

நடுவில் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முகாமில் சிறுநீரில் சர்க்கரை தெரிந்தது என்று சொன்னதுமே அழுதுகொண்டு வீடு திரும்பும் பையன்கள் உண்டு. சிறுநீரில் சர்க்கரை தெரிந்தாலே நீரிழிவு என்று முடிவு கட்டவேண்டாம். சிலருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் எல்லை பிறவியிலேயே கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ரத்தத்தில் சுகர் சரியாக இருக்கும்போதே சிறுநீரில் கசியும். வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்த பின்னும் ரத்தம் பார்த்து, எச்பிஏ1சியும் சரியாக இருந்தால் அது நோயே இல்லை. அதிகாரிகள் தேர்வுக்கான மருத்துவ விதிகளே அதை நிராகரிப்புக்குக் காரணமாக எடுப்பதில்லை. இப்படிப்பட்டவர்கள் ராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கலாம், கேட்கவேண்டும். உங்கள் விஷயத்தில், தம்பி, மறுபரிசோதனைக்கு அலைவது வீண் செலவு.

இனி உங்கள் படிப்புக்கு வருகிறேன். கடிதத்தில் ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கென்னவோ அங்கேதான் விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. மெக்கானிக்கல் டிப்ளமா. வேலூரிலிருந்து ரயில் ஏறினால் ஆவடி எவ்வளவு தூரம்? அர்ஜுன் டாங்கியை வடிவமைத்தது ஆவடியில் உள்ள, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் போர் வாகன ஆய்வகம். அதைக் கட்டியது அதே ஆவடியில் உள்ள கனரக வாகனத் தொழிற்சாலை. டி-90 டாங்கிகளும் அங்கேதான் தயாராகின்றன. திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை, குன்னூர் பக்கம் அருவங்காட்டில் வெள்ளைக்காரன் காலத்து வெடிமருந்துத் தொழிற்சாலை. டிப்ளமா முடித்தவர்களை இப்படிப்பட்ட இடங்களில் ஒரு வருட அப்ரன்டிஸாக எடுக்கிறார்கள். இவையெல்லாம் சிவிலியன் வேலைகள். சேரும்போது மெடிக்கல் இங்கேயும் உண்டு, ஆனால் அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதுதான் கேள்வியாக இருக்கும். சியாச்சின் ஏற முடியுமா என்று கேட்கமாட்டார்கள். ஒவ்வொரு அறிவிப்பிலும் மருத்துவத் தகுதி என்று ஒரு பகுதி இருக்கும், விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் அதைப் படித்துவிடுங்கள். படிவத்தில் நோய் பற்றிக் கேட்டால் இருப்பதை இருக்கிறபடி எழுதுங்கள். சீருடை இல்லையே என்பீர்கள். இல்லைதான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஓட்டத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஐந்தரை நிமிடத்துக்குள் 1.6 கிலோமீட்டர் என்பது, என்னிடம் வரும் இருபது வயதுப் பையன்களில் பாதிப் பேரால் முடியாத காரியம். ஓடுவதற்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். 90-க்குக் கீழே என்றால் ஒரு வாழைப்பழமோ நாலு பிஸ்கட்டோ சாப்பிட்டு, சுகர் ஏறிய பிறகு ஓடுங்கள். 250-க்கு மேல் இருந்து, சிறுநீரில் கீட்டோனும் (ரத்தத்தை அமிலமாக்கும் பொருள்) இருந்தால் அன்று ஓட்டம் வேண்டாம். ஓடப்போகும் தொடையில் அன்று ஊசி போடவேண்டாம், வயிற்றில் போடுங்கள். ஓடும் காலில் போட்டால் இன்சுலின் வேகமாக ஏறிவிடும். கடுமையாக ஓடிய நாள்களில் படுக்கும் முன் ஒருமுறை பாருங்கள், சுகர் இரவில் இறங்கும். பாக்கெட்டில் கடலைமிட்டாய் வைத்திருக்கிறேன் என்று பல பையன்கள் சொல்வார்கள். பசிக்கு அது சரி. சுகர் இறங்கி நடுங்கும்போது அது உதவாது, கடலையின் கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் விடும். குளுக்கோஸ் பவுடரோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ பொட்டலம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. கூட ஓடும் நண்பர்களில் ஒருவனிடமாவது உங்களுக்கு டைப் 1 என்று சொல்லி, அந்தப் பொட்டலம் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று காட்டிவையுங்கள். மறைக்கச் சொல்லி யோசனை கொடுத்த அதே நண்பனாக இருந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக எச்பிஏ1சி எப்போது பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது என்று கடிதத்தில் எழுதவே இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய்ப் பார்த்தாலே போதும். வயிற்றிலும் தொடையிலும் கட்டி இருக்கிறதா என்று அங்கே ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டி உள்ள இடத்தில் போடும் இன்சுலின் ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது.